உப்பலில் ஒரு மலையில்லாத கண்டம்

தென் அமெரிக்கா எங்கள் ஆபீஸ் சுவரில் ஏறியது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.

ஒரே தாளில் அச்சடிக்க எங்கள் பிரின்டருக்கு அகலம் போதாது. நீளநீளமாகத் துண்டு போட்டு எடுத்திருந்தோம். ரமணா சார் ஸ்டூல் மேல் நின்று ஒவ்வொரு துண்டாகப் பிடித்துக்கொள்ள, கீழே நானும் விஜியும் டேப்பைப் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தோம். காகிதம் பறக்கிறதென்று ஃபேனை நிறுத்தியிருந்ததால் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தோம். மேஜையில் மிர்ச்சி பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பஜ்ஜி மேல்தான் கண்.

ஹைதராபாத்தில், உப்பல் பேட்டையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடி எங்கள் ஆபீஸ். சாஃப்ட்வேர் கம்பெனி என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, ஏசி பஸ் எல்லாம் நகரத்தின் அந்தக் கோடியில். நாங்கள் இந்தக் கோடி. வெளிநாட்டிலிருந்து ஸ்கேன் செய்த வரைபடங்கள் வரும். அதிலுள்ள சாலைகள் மேல் மவுஸை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். லாரிக் கம்பெனிகளுக்கு வழி சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு அந்தக் கோடுகள் போகும். கோடு இழுப்பதற்கு விஜி மாதிரிப் பத்துப் பேர். இழுத்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். எல்லோருக்கும் மேலே ரமணா சார். அவர் தெலுங்குக்காரர், ஆனால் மெட்ராஸில் படித்தவர் என்பதால் எங்களோடு தமிழில்தான் பேசுவார்.

ஒரு வேலை முடிந்து அனுப்பியாகிவிட்டால், படத்தைப் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டி, அடியில் ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு, பஜ்ஜி தின்பது எங்கள் வழக்கம். தென் அமெரிக்காவுக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டுப் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

மாமா வாக்கு

நான் எம்.ஏ. ஜாக்ரஃபி. மதுரையில் சேர்ந்தபோது எங்கள் தாய்மாமன் கேட்டார்: "ஜாக்ரஃபி படிச்சு என்னத்தா பண்ணப் போற? லாரிக்காரனுக்கு வழி சொல்லப் போறியா?"

அவர் கரிநாக்கு அப்படியே பலித்துவிட்டது.

இருந்தாலும் படித்த படிப்பைக் காட்ட ஒரு இடம் வேண்டாமா? விஜியை இழுத்து வந்து சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். விஜி செகந்திராபாத் பெண். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் அதில் பாதி ஹைதராபாத் உருது: 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம். வயது இருபத்திரண்டு. எங்களிடம் பயிற்சியில் சேர்ந்து, இன்னும் நிரந்தரம் ஆகாதவள்.

"இங்க பாரு விஜி. மேற்கால கடலோரமா ஒரே ரோடு, மேலருந்து கீழ வரைக்கும். கிழக்கால சமவெளி, அங்க ரோடு இஷ்டத்துக்கு ஓடுது. நடுவுல ஆண்டிஸ் மலை. ரெண்டு பக்கமும் ஊரு இருக்கு, சந்தை இருக்கு. ஆனா குறுக்கே தாண்டுற ரோடு எத்தனைன்னு எண்ணு, விரல்விட்டு எண்ணிடலாம்."

"கைக்கு அக்கா? ஏன் அப்படி?"

கேட்டாளே, விடுவேனா? மலையில் சாலை தன்னிஷ்டத்துக்கு ஏறுவதில்லை. ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆறு ஓடையாகி, ஓடை வெறும் ஈரமாகி முடிகிற இடத்தில் சாலையும் நின்றுபோகும். முகட்டுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். இரண்டு சாலைகளும் ஒரே முகட்டுக்கு இரு புறமும் வந்து, ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். படத்தில் நடுவே விரற்கடை இடைவெளி. அந்த விரற்கடைக்காக லாரி எங்கேயோ இருக்கிற கணவாய்க்குப் போய்த் திரும்பி வர வேண்டும். அதனால்தான் அந்தக் கடலோர ஊர்களுக்கு, மலைக்கு அப்பால் இருக்கிற பக்கத்து ஊர்க்காரனைவிடக் கப்பலில் வருகிறவன் நெருக்கமாகிப் போனான்.

ஒவ்வொரு கணவாயாகத் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தேன். பரீட்சைக்கு உருப்போட்டதால் அந்த வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு கணவாய் அதிகமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். அதிகம்தான். மெல்லிய சிவப்புக் கோடு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஜம்மென்று போயிருந்தது.

"ஹவ் அக்கா, அது நான் சேர்த்தது" என்றாள் விஜி. முகத்தில் ஒரே பெருமை.

பாறை உடைக்கிற ஊர்

எங்கள் தொழிலில் 'தொங்கல்' என்று ஒன்று உண்டு. ஒரு கோட்டின் நுனி வேறெதிலும் சேராமல் நின்றால், திரையில் அங்கே சிவப்புப் புள்ளி விழும். புள்ளி இருக்கும்வரை வேலையை முடிக்க கம்ப்யூட்டர் விடாது. நிஜமாகவே முட்டுச் சாலை என்றால், மூல வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, காரணம் எழுதி, அப்படியே விட வேண்டும். ஸ்கேனில் விட்டுப்போன துண்டு என்றால் இரண்டு நுனிகளையும் சேர்த்துவிடலாம். காரணம் எழுத ஐந்து நிமிஷம். சேர்க்க ஒரு க்ளிக்.

"ரெண்டும் நேருக்கு நேரா பார்த்துக்கிட்டு நின்னுச்சு அக்கா. பார்க்கவே பாவமா இருந்துச்சு. மேப் வேற பழசு. இத்தனை வருஷத்துல சேர்த்திருக்க மாட்டாங்களா?"

"அது மலைடி!"

"மலைன்னா என்ன, உடைக்கிறதுதானே?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் மலை என்றால் பாறை. வீட்டுக்கு வீடு பக்கத்தில் உருண்டு கிடக்கும். 'ஹில்ஸ்' என்று பேர் வைத்த பேட்டைகளில் சிட்டி பஸ் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். அந்த வருடங்களில் ஊர் என்ன வேகத்தில் வளர்ந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் பாறை இருக்கும், 'டமார்' என்று ஒரு சத்தம், அடுத்த வாரம் அங்கே நூறடிச் சாலை. இன்றைக்கு முட்டுச் சந்தாக இருப்பது நாளைக்கு மேம்பாலத்தோடு சேர்ந்திருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் விஜி. எதிரெதிரே நிற்கும் இரண்டு சாலைகள் சேராமலே போகும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை.

சொல்லிப் புரிய வைத்ததும் அவள் முகம் செத்துப்போனது.

பயிற்சியில் இருப்பவர்களுக்குத் தப்புக்கு ஒரு சிவப்புச் சீட்டு. மூன்று சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் சனிக்கிழமை ஒட்டப் போகிறார்கள். அவள் அப்பா வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடே நடந்தது.

"நக்கோ அக்கா, சொல்லாதீங்க. லிஸ்ட்ல பேர் வரட்டும், திங்கக்கிழமை நானே போய்ச் சொல்லிடறேன். சத்தியமா."

திங்கட்கிழமை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. திருத்தம் எதுவானாலும் வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள் போக வேண்டும். அதற்கப்புறம் அந்தக் கோடு லாரிக்காரர்களின் திரைக்குப் போய்விடும். எவனோ ஒருவன் குறுக்கு வழி என்று நம்பி, பாரத்தோடு நாள் முழுக்க மலையேறி, சாலை முடிகிற இடத்தில் நிற்பான். திருப்ப இடம் இருக்குமோ இருக்காதோ.

மிர்ச்சி பஜ்ஜியைத் தொடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கண்ணாடி

ஹாஸ்டலுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு எங்கள் பெரியக்கா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் தேனிச் சீமையில், தேவாரம் என்கிற ஊருக்குப் பக்கம், மேற்கு மலையின் காலடி. அந்தப் பக்கத்து மலையைப் பற்றிச் சொல்ல நீட்டி முழக்க வேண்டாம். மதுரையிலிருந்து வந்த ரயிலே போடியோடு நின்றுவிடும். வெள்ளைக்காரனே அதற்கு மேல் தண்டவாளம் போடவில்லை. இப்போது யோசித்தால் அதுவும் ஒரு தொங்கல்தான்.

அக்கா பாண்டியம்மாளை மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மேலே நின்றால் எங்கள் தெரு அவள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சாலை கிடையாது. கழுதை ஏறுகிற ஒத்தையடிப் பாதை, இல்லையென்றால் போடி போய், போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி, ஜீப் மாறி, முக்கால் நாள் சுற்று. போன் வராத காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் நேராக மலை முகத்தில் விழுகிற நேரம் பார்த்து, அக்கா பாறை மேல் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்புவாள். பளிச் பளிச்சென்று மூன்று தடவை. நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

அப்பா இறந்தது ஒரு காலை நேரம். ஆள் ஒருவர் பாதையில் ஏறிப் போய்த் தகவல் சொன்னார். அக்கா அப்போது ஏழு மாதக் கர்ப்பம், செங்குத்துப் பாதையில் இறங்க முடியாது. ஜீப் பிடித்துச் சுற்றி வந்தாள். ஊர்க்காரர்கள் மத்தியானம் வரை பொறுத்தார்கள், மூன்று மணி வரை பொறுத்தார்கள், அதற்கு மேல் வெயிலில் வைத்திருக்க முடியவில்லை. அக்கா ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஆண்கள் தலை முழுகிவிட்டு எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் அழவில்லை. தெருவில் நின்று திரும்பி மலையைப் பார்த்தாள். "கண்ணுல தெரியிற ஊருக்கு வர எனக்கு ஒரு பொழுது ஆயிருச்சே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்தவளுக்கு, இல்லாத சாலையை இருக்கிறதென்று எவனுக்கோ சொல்லிவிட்டு, சனிக்கிழமை பட்டியலைப் பார்த்துக் கைதட்ட மனசு வரவில்லை.

பழுப்பு

வெள்ளிக்கிழமை காலையில் விஜியிடம் சொன்னேன்: "நான் சொல்லத்தான் போறேன். நீயும் கூட வா."

"உங்களுக்கு என்ன அக்கா, நீங்க பர்மனென்ட் ஆளு."

சுருக்கென்றது. எழுந்து நடந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

ரமணா சாரின் அறை என்பது மூன்று பக்கம் பிளைவுட் தட்டி. விஷயத்தைச் சொன்னேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு என்றும் சொன்னேன். பெரிய மனசு பண்ணுகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு வேறு.

அவர் அந்த இடத்தைத் திரையில் கொண்டுவந்தார். முதல் வேலையாகப் பழுப்பைப் போட்டார்.

அந்தப் பழுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூல வரைபடம் நிறம் நிறமாகப் பிரிந்து வரும். கறுப்பு சாலை, நீலம் ஆறு, பழுப்பு உயரக் கோடுகள். நெருக்கமான பழுப்பு என்றால் செங்குத்து மலை. தேவையான நிறத்தை மட்டும் திரையில் வைத்துக்கொள்ளலாம். அவர் பழுப்பைப் போட்டதும் திரையே ஊத்தப்பம் கருகின மாதிரி ஆகிவிட்டது. கோடு மேல் கோடு, மூச்சு விட இடமில்லை. அதன் நட்டநடுவே விஜியின் சிவப்புச் சாலை.

"அம்மாடியோ!" என்றார். "இது மேல யாரும்மா ரோடு போடுவாங்க? ஏம்மா விஜி, இந்த பிரவுன் தெரியலையா உனக்கு?"

கேட்டுக்கொண்டே நிறங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார்.

"பிரவுனை ஆஃப் பண்ணி வெச்சது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரம். பழுப்புக் கோடுகளால் கம்ப்யூட்டர் நத்தையாக நகர்ந்தது, பிள்ளைகளுக்குக் கண் வலித்தது. "சாலைதானே இழுக்கப் போறீங்க, அந்தப் பழுப்பு எதுக்கு? எடுத்துடுங்க" என்று ஒருத்தி சொன்னாள். பத்துப் பேரும் எடுத்துவிட்டார்கள். வேலை பறந்தது. அந்த ஒருத்தி எம்.ஏ. ஜாக்ரஃபி.

விஜிக்கு இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் சார்" என்றேன்.

ரமணா சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் நெருங்கின பழுப்பின் மேல் சேர்த்த நுனிகளையெல்லாம் கம்ப்யூட்டரிடம் பட்டியலாகக் கேட்டார். யார் எதைச் சேர்த்தது என்று அதில் பெயரோடு இருக்கும். பட்டியல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. விஜி பெயர் ஓரிடம்தான். மற்ற ஒன்பது பேரும் அதில் இருந்தார்கள். ஆள் லீவு போட்ட நாளில் ரமணா சார் உட்கார்ந்து வேலை செய்திருந்தார், அவர் பெயரும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் பெயர்தான்.

பாறை உடைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அத்தனை பேரும் சேர்ந்து, மலையே இல்லாத ஒரு கண்டத்தைச் செய்து அனுப்பியிருந்தோம்.

"எல்லாருக்கும் சிவப்புச் சீட்டுக் குடுத்தா ஆபீஸ்ல வாட்ச்மேன் மட்டும்தான்மா இருப்பான்" என்றார். பிறகு தட்டிக்கு வெளியே போய், வெளிநாட்டுக்குப் போன் போட்டார். அங்கே அது நடுராத்திரியோ என்னவோ. "டோன்ட் லோட், ப்ளீஸ் டோன்ட் லோட்" என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. படத்தை லாரிக்காரர்களின் திரைக்கு ஏற்றாமல் நிறுத்தி, ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

சனிக்கிழமை பட்டியல் ஒட்டவில்லை. அடுத்த மாதம் ஒட்டினார்கள், விஜி பெயர் இருந்தது. கையெழுத்துப் போடுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், நான் வாதாடவில்லை. சுவரிலிருந்த தென் அமெரிக்காவை விஜிதான் கிழித்து இறக்கினாள். "இப்ப டென்ஷன் நக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்கிற நிலைமை.

ஞாயிற்றுக்கிழமை

ரமணா சார் போன் போட்ட அந்த வார ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆபீஸ் வந்தோம். பழுப்பைப் போட்டுக்கொண்டு, பட்டியலில் ஆளுக்கு ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டு, சேர்த்த சாலைகளைப் பிரிக்க ஆரம்பித்தோம். பிரித்தால் சிவப்புப் புள்ளி, அதற்குக் காரணம், அடுத்தது. கம்ப்யூட்டர் பழையபடி நத்தையானது. யாரும் முணுமுணுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலை நான் கடைசிவரை படிக்கவில்லை; என் பங்குப் பக்கத்தில் பாதி தாண்டியபோது என் பெயர் வந்தது.

சரிபார்க்கிற வேலையென்றாலும், மிச்சம் மீதி நுனிகளை நானே சேர்ப்பதுண்டு. ஆனால் இதைச் சேர்த்தது எனக்கு ஞாபகமே இல்லை. கிழக்குச் சரிவின் அடியில் ஒரு சின்ன ஊர். அதற்கு நேர் மேலே முகட்டில் இன்னொரு ஊர். இரண்டுக்கும் நடுவே பழுப்பு நெருங்கிக் கிடந்தது. அதன் மேல் என் கோடு. விஜிக்காவது மலை தெரியாது. எனக்கு என்ன வந்தது?

கோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. இன்கமிங் இலவசமான புதுசு. மலை மேலே டவர் வந்ததிலிருந்து, கண்ணாடிக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் போடுவாள்.

"என்னத்தா, ஞாயித்துக்கெழமையும் ஆபீஸா?"

"ஆமாக்கா. ஒரு ரோட்டைத் தப்பாச் சேர்த்துப்புட்டேன். பிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எந்த ரோட்டை?"

"இங்க இல்லக்கா. தென் அமெரிக்காவுல. மலைக்குக் கீழ ஒரு ஊரு, மேல ஒரு ஊரு. நடுவுல ரோடு இல்ல. நான் இருக்குன்னு போட்டுட்டேன்."

போனில் காற்று அடிப்பது கேட்டது. அக்கா அந்தப் பாறை மேல்தான் நின்று பேசுகிறாள், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"மேலருந்து பார்த்தா கீழ உள்ள ஊரு தெரியுமாடி?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்க்கா."

"அடிப்பாவி" என்றாள் அக்கா. "அங்கயாவது சேர்ந்து கெடந்துட்டுப் போகட்டுமேடி!"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து விஜி என்ன என்று தலையாட்டிக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கோட்டைப் பிரித்தேன். சிவப்புப் புள்ளி விழுந்தது. காரணம் எழுதும் கட்டத்தைத் திறந்து, 'மலை' என்று எழுதினேன்.